வெளியே வந்தவள் எங்கே படுத்தாள்?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அன்றிலிருந்து அதைப்பற்றி நாம் எழுதியவை நிறைய. மொழியைப்பற்றி எழுதினோம். கொச்சை என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்களோடு சண்டை போட்டோம். தெரு பிரிந்து கிடக்கும் ஊரைப்பற்றி, கல்லறைத் தகராறில் போலீசு புகுந்து அடித்ததைப்பற்றி எழுதினோம். தன்வரலாறா நாவலா என்று பக்கம்பக்கமாக விவாதம் பண்ணினோம். மடத்தைப்பற்றித்தான் அவ்வளவாகப் பேசவில்லை. ஏழு வருஷம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியே வந்த ஒரு பெண் எழுதிய புத்தகம் அது என்பது ஏதோ பின்னட்டைக் குறிப்புபோல நின்றுவிட்டது. இடதுசாரித் தோழர்களுக்கு அது மதத்துக்குள் நடக்கிற சண்டை. கோயிலுக்குப் போகிற நம் சனங்களுக்கு அது நாலுபேர் காதில் விழக்கூடாத சங்கதி. நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் பிரதியில் ஊரைப்பற்றிய பக்கங்களெல்லாம் பென்சில் கோடு. மடத்துப் பக்கங்கள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கின்றன.

போன வருஷம் அந்தப் புத்தகத்தைக் கருவடிக்குப்பத்தில் என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டிவந்தது. எழுபத்திமூணு வயசு. எழுத்து தெரியாது. கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வீட்டிலேயே கிடந்ததால் பொழுது போகவில்லை. சாயங்காலத்தில் ஒரு மணிநேரம் வாசிப்பேன். தெற்கத்திப் பேச்சு அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. "இன்னாடி இது, வேற தேசத்துப் பாஷையாட்டம் கீது" என்றாள். ரெண்டாம் நாளிலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். பட்டப்பெயர்கள் வந்த இடத்தில் எங்கள் தெருவின் பட்டப்பெயர்களைப் பதிலுக்குச் சொன்னாள். போலீசு வந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். மடம் வந்ததும் பேச்சே இல்லை. சிரிப்பும் இல்லை, உச்சுக்கொட்டலும் இல்லை. அந்தப் பெண் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்று வாசித்துப் புத்தகத்தை மூடினேன். பெரியம்மா கேட்டது இதுதான்: "வெளிய வந்துட்டா, சரி. அன்னிக்கி ராத்திரி எங்க போயி படுத்துகினா?"

முப்பது வருஷ விமரிசனத்தில் யாரும் கேட்டு நான் பார்க்காத கேள்வி. நானும் கேட்டதில்லை.

சபையை விட்டு வருவதென்றால் நம்பிக்கையை விட்டு வருவது என்று படித்தவர்கள் நினைக்கிறோம். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று நெடுநேரம் யோசித்து, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்துவிடலாம் என்பதுபோல. நம் சனங்களுக்குக் கோயில் என்பது பிள்ளைக்குப் பள்ளிக்கூட சீட்டு, போர்டிங், கல்யாண ஓலை, சாவுக்கு மணி, புதைக்க ஆறடி. இதில் ஒன்றை விட்டால் எல்லாம் போகும். எறையூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எங்கள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஒரே மாதா, ஒரே பூசை. தலித் பிணம் பொதுப்பாதையில் போகக்கூடாது. தனிப்பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி கலவரமாகி, துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்துவர்கள் ரெண்டு பேர் செத்தார்கள். சுட்டது போலீசு, செத்தது இந்தச் சபையின் பிள்ளைகள், சண்டை பிணம் போகிற வழிக்கு. 'கருக்கு'வில் வருகிற கலவரமும் கல்லறைக்காகத்தான் என்பதை இப்போது சேர்த்து வாசிக்கிறேன். உயிரோடு இருக்கிறவர்களைப் புதைகுழியைக் காட்டி மடக்கி வைக்க முடிகிறது. அங்கே விசுவாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

அந்தப் பயத்தை எப்படி விதைக்கிறார்கள் என்பதை 'கருக்கு' வரிசையாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கோயில் மணி, மந்திரம் ஒப்பிக்கத் தெரியாவிட்டால் அடி, பேய், நரகம், சாமியாரின் முகம் என்று குழந்தைக் காலம் முழுக்க அது ஓடுகிறது. நாங்கள் புதுநன்மை வாங்கியபோது அப்பத்தைப் பல்லில் கடித்தால் ரத்தம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்ற அந்த அப்பத்தோடு நான் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த வாய் பிறகு பல வருஷம் திறக்கவில்லை. பாமா மடத்துக்குள் போனபோது குழந்தை இல்லை. வாத்தியார் வேலை பார்த்தவர், சொந்தச் சம்பளத்தில் நின்றவர். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்று நம்பிப் போனவர். உள்ளே போனதும் பழைய பயம்தான் காத்திருக்கிறது. இந்தத் தடவை அதற்குப் பேர் வார்த்தைப்பாடு.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூணு வார்த்தைப்பாடு. ஏழ்மையைப்பற்றிப் புத்தகம் கோபமாகப் பேசுகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு ஏழ்மை வாக்குக் கொடுப்பது, ஏழ்மையைத் துறக்க வழியில்லாமல் பிறந்தவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கீழ்ப்படிதல். என்ன வேலை, எந்த ஊர், எப்போது கிளம்ப வேண்டும், எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் அகங்காரம். அழுதால் தேவ அழைத்தல் இல்லை. பேசாமல் இருந்தால் நல்ல சிஸ்டர். நம் அப்பன் பாட்டன் பண்ணையில் கைகட்டி நின்றதும் இதேதான், ஆண்டை பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஊரில் அதைச் சாதி என்று நமக்குச் சொல்லத் தெரிந்தது. மடத்தில் அதுவே புண்ணியமாகி விடுவதால் பேர் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. பாமா ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார். அது அவருடைய குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டளைக்கும் சாதிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை, புதுச்சேரியிலேயே முன்னூறு வருஷக் கதை இருக்கிறது. 1704 ஜூன் 23இல் போப்பின் தூதராக வந்த துர்நோன் இங்கிருந்துதான் ஓர் ஆணை போட்டார். சேசு சபைச் சாமியார்கள் மலபார்ச் சடங்குகள் என்று விட்டுவைத்திருந்ததையெல்லாம் அது தடுத்தது. தாலியில் பிள்ளையார் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது, நீறு பூசக்கூடாது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே ரெண்டு நல்ல வரியும் உண்டு: தீட்டுக் காலத்தில் பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கக்கூடாது, சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குள் சாமியார் போயே ஆகவேண்டும். இழுபறி நாற்பது வருஷம் நடந்தது. தாலி, தேங்காய் விஷயத்தில் ரோமாபுரி விட்டுக்கொடுக்கவில்லை. பறையர் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் வழி பிறந்தது. 1744இல் போப் பதினாலாம் பெனடிக்ட் முடித்துவைத்தார்: பறையருக்கென்று தனிச் சாமியார்கள். சட்டம் எங்கே வளையும், எங்கே வளையாது என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அடுத்த வருஷமே சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் பறைக் கிறித்துவர், மறுபக்கம் சாதிக் கிறித்துவரும் வெள்ளைக்காரரும். 1745இல் காரைக்கால் சாமியார் ஒருவர் தூண்ட, நம் ஆட்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்கிறார்கள். சுவர் இடிபடுகிறது. இதை நாம் அடிக்கடி மேடையில் சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதே பதிவில் அடுத்து வருகிற ஆளை விட்டுவிடுகிறோம். பெரிய துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி நகையும் மெல்லிய சேலையும் வாசனையுமாகப் பூசைக்கு வருகிறாள். சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீ ஆடுகிறவளா என்கிற மாதிரி எல்லார் முன்னாலும் அவளை வைகிறார். சாதிக் கிறித்துவர்கள் கொதித்தார்கள், விவகாரம் துய்ப்ளேக்சு வரைக்கும் போனது. சுவரை இடித்த கோபமா, பொம்பளையை வைத கோபமா என்று பிரிக்க முடியாதபடி ரெண்டும் கலந்து கிடக்கிறது. என் கவலை வேறு. சுவரை இடித்த அதே கைதான் பெண்ணின் நகையைக் கழற்றச் சொல்கிறது. நம் பக்கம் பேசுகிற சாமியார் கையிலும் பிரம்பு இருக்கும்.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால் அவள் பெரிய கோயிலை விட்டு ஒரு ஜெபவீட்டுக்குப் போனாள். பேர் வேண்டாம். பாஸ்டரும் நம்ம ஆள்தான், பக்கத்துத் தெரு. ஏன் போனாள் என்றால், அங்கே எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பேர் சொல்லாமல் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். பெரியப்பா குடியை நிறுத்தினார். பொய் சொல்லக்கூடாது, கட்டளைகள் அவளுக்கு முதலில் நல்லதைத்தான் செய்தன. சனிக்கிழமை கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது. 'பெந்தகோஸ்துக்காரன் மூளைச்சலவை' என்று நம் கூட்டங்களில் எளிதாகச் சொல்கிறவர்கள் இந்தப் பாயையும் இந்தக் கூலியையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பூ கூடாது. பொட்டு கூடாது. சினிமா கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. கடைசியில் காதுக் கம்மல். அரை சவரன், பெரியப்பா ஆலை வேலையில் இருந்தபோது வாங்கிக் கொடுத்தது. கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டாள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிற்பாடு 1930ஆம் வருஷத்து இராமநாதபுரம் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த டிசம்பரில் ஆதிதிராவிடருக்குக் கள்ளர்கள் எட்டுத் தடை போட்டார்கள். பொன் நகை, வெள்ளி நகை போடக்கூடாது என்பது அதில் முதலாவது. பெண்கள் பூ வைக்கக்கூடாது என்றும் உண்டு. மீறினவர்களின் குடிசை எரிந்தது. தம் பெண்கள் கம்மல் போடுவதற்காக அடிவாங்கின சனம், இன்றைக்கு அதைத் தானே கழற்றி "அல்லேலூயா" சொல்கிறது. ஊர்த்தெருக்காரன் பலாத்காரமாகப் பறித்ததை ஒரு வசனத்தைச் சொல்லி வாங்கிவிட முடிகிறது என்றால் எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு ஒரு தடவை காய்ச்சல் விடவில்லை. பதினோரு நாள். வீட்டில் மறைத்துவைத்த பாவம் இருக்கிறது, அறிக்கை பண்ணுங்கள் என்றார் பாஸ்டர். பெரியம்மா யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளை கிடக்கிற கிடையில் ஏதாவது சொல்லியாக வேண்டும். திருட்டுத்தனமாக சினிமாவுக்குப் போனேன் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னாள். போகவில்லை. பண்ணாத பாவத்தைப் பண்ணினேன் என்று சொன்னதுதான் அவள் பண்ணின பாவம் என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜிப்மருக்குப் போனாள். டைபாய்டு. சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக 'ஐக்கியத்திலிருந்து' நிறுத்திவைத்தார்கள். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். அவளாக விட்டு வரவில்லை. விடப்பட்டாள். அதற்குப் பிறகு பல வருஷம், இடி இடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

இங்கேதான் 'கருக்கு'வின் வடிவம் எனக்குப் பிடிபட்டது. சபையில் பெண்ணுக்குப் பேசக் கிடைக்கிற வாய்ப்பு ரெண்டே வகை. ஒன்று பாவசங்கீர்த்தனம்: வலைக்கம்பிக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளையின் காதில் தன் குற்றத்தைத் தானே சொல்வது. இன்னொன்று ஜெபவீட்டில் 'சாட்சி': இப்படிக் கெட்டுக்கிடந்தேன், ஆண்டவர் தொட்டார், இப்போது சமாதானம். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட கதை. பெரியம்மா சொன்ன பொய்கூட இந்த அச்சில் வார்த்ததுதான். 'கருக்கு' இந்த ரெண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப்போடுகிறது. ஆண்டவரைத் தேடிப் போனேன், உள்ளே உடைந்தேன், வெளியே வந்தேன், இனி என்ன என்று தெரியவில்லை. சமாதானம் இல்லாத சாட்சி. தன் பாவத்தைச் சொல்ல வேண்டிய வாய் மடத்தின் பாவத்தைச் சொல்கிறது, அதுவும் வலைக்கம்பி இல்லாமல், அச்சுப்போட்டு. வேலையில்லை, கையில் காசில்லை, வெளி உலகத்தில் எப்படி நிற்பதென்றே மறந்துபோனது என்று எழுதுகிறாரே, அந்தக் கடைசிப் பகுதியைச் சோர்வு என்று நினைத்து நாம் தாண்டிப்போனோம். பெரியம்மாவின் கேள்விக்கு அந்தப் பக்கங்கள்தான் பதில்.

புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத இடங்களும் உண்டு. கடவுளைப்பற்றிப் பேச ஆரம்பித்ததும் தெருப்பேச்சு நின்றுபோய்ப் பிரசங்கத் தமிழ் வந்துவிடுகிறது. பனங்கருக்கோடு எபிரேயர் நிருபத்தின் இருபுறமும் கூரான வாளைச் சேர்த்து வைக்கிற முன்னுரையிலேயே அது தொடங்குகிறது. முன்பு இதைக் கலைக்குறை என்றே கருதினேன். சத்தமாக வாசிக்கும்போது வேறுமாதிரிக் கேட்டது. அது இன்னும் ஆறாத இடம். மடத்தை விட்டு உடம்பு வந்துவிட்டது, மடத்தின் வாக்கியம் வாயிலிருந்து இறங்க நாளாகிறது. அப்புறம், இயேசுவை ஏன் விடவில்லை என்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் கேட்பார்கள். எந்தக் கடவுளை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் கொடுப்பதற்கு நாமும் ஒரு மடம் நடத்துகிறோமா?

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் வேறு வழியில் வந்தவர். கருவடிக்குப்பத்திலிருந்து எட்டு வைத்தால் வந்துவிடும் இலாசுப்பேட்டையில், காஞ்சி மாமுனிவர் பேரில் உள்ள பட்டமேற்படிப்பு மையத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் (அந்தப் பேரும் அந்த ஆளும் ஒரே கட்டடத்தில் இருந்ததை அவரே எழுதியிருந்தால் எப்படிச் சிரித்திருப்போம்). 2002இல் வந்த 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் அப்பாவின் அடி, போர்டிங், பூசை, பாவம் எல்லாமே சிரிப்புக்கு உள்ளாகின்றன. சிலுவைக்குப் பயம் தெளிவதே கிண்டல் பண்ணித்தான். பெரியம்மாவுக்கு அதிலும் சில அத்தியாயங்கள் வாசித்தேன். ரசித்தாள். "ஆம்பள, சுத்தலாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் விமரிசனம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. தங்கச்சிக்கு இல்லாத டீக்கடையும் நண்பர்களின் ரூமும் சிலுவைக்கு இருக்கின்றன. வெளியே வந்த ராத்திரி படுக்க இடம் இருப்பவனுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

ஆனால் ஒரு விஷயத்தை அண்ணன்தான் துல்லியமாகப் பிடித்தார்: பதிவேடு. படித்து முடித்த சிலுவை, கிறித்துவன் என்பதால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காமல் கடைசியில் இந்துவாக மாறுகிறான். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை அப்படி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. கோயிலில் பறையன், தாலுக்கா ஆபீசில் கிறித்துவன். ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13இல் காலமானார். பதிமூணே நாள் கழித்து, நவம்பர் 26இல், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர். கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானம் சாட்சியானது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். கோயிலுக்குப் போகிறாயா, உண்மையாகவே நம்புகிறாயா என்ற கேள்வியை இனி சாமியார் மட்டும் கேட்க மாட்டார். சிலுவைராஜின் கடைசி அத்தியாயத்தை நீதிபதிகள் படித்திருந்தால் அவன்மீதும் வழக்குப் போட்டிருப்பார்கள். தண்ணீர் தலையில் விழுந்தபோது அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லை. அந்த ஏட்டிலிருந்து பேரை அடிப்பதற்குச் சபையிலும் வழி இல்லை, சர்க்காரிலும் வழி இல்லை. இதை ஆன்மீகக் கொடுமை என்று சொன்னால் வக்கீல்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பெரியம்மா இப்போது எந்தக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போவதில்லை. ராத்திரி படுக்கும்முன் ஒரு ஜெபம் சொல்வாள், அது பெரிய கோயிலில் படித்ததா ஜெபவீட்டில் படித்ததா என்று அவளுக்கே தெரியாது. எங்கள் ஊர் மயானத்துக்குப் பிணம் போகும்போது பறைச்சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பாள். "என்னிய யார் பொறுப்புல பொதைப்பீங்க" என்று ஒரு தடவை கேட்டாள். நாங்கள் இருக்கிறோமே என்றேன். "நீங்க கீறீங்க, எடம்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் அக்கா கவரிங் கம்மல் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். காது தூர்ந்துபோயிருந்தது. ஆசாரியிடம் கூட்டிப்போய்த் திரும்பக் குத்தி, புண் ஆறுகிறவரை வேப்பங்குச்சி செருகிவைத்திருந்தோம். ஒரு பக்கம் ஆறிவிட்டது. இடது பக்கம் இன்னும் சீழ் வைக்கிறது. அடுத்து 'சங்கதி' வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அதிலே மடம் வருதா என்று கேட்டாள். வராது, பொம்பளைங்கதான் என்றேன்.